உங்கள் வீட்டு நர்ஸ் பதிவு பெற்றவரா?

வைத்தியத்துக்கு அங்கம் நாலு என்கிறார் வள்ளுவர். நோயாளி, வைத்தியர், மருந்து. நாலாவது, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர். டாக்டர் என்ன படித்திருக்கிறார், மாத்திரைக்குத் தேதி இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கும் நாம், நாலாமவரை மட்டும் 'வெள்ளை உடுப்பு போட்டிருக்காங்களே, போதாதா?' என்று விட்டுவிடுகிறோம்.

போதாது!

செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் தனியாக என்று பல வீடுகள். துணைக்கு ஏஜென்சி அனுப்பும் 'ஹோம் நர்ஸ்'. என்னிடம் மூட்டுவலிக்கு வரும் அம்மா ஒருவருக்கு அப்படி வந்த பெண் இன்சுலின் போட்டார். டாக்டர் எழுதியது 20 யூனிட். குப்பி, மில்லிக்கு 100 யூனிட் வகை. சிரிஞ்சோ சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் வகை. அதில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட்! வியர்த்துக் கொட்டி மயங்கியவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். விசாரித்தால், அந்தப் பெண் படித்தது ஆறு மாத சர்டிபிகேட். கற்றுக்கொடுக்காததை அவர் எப்படி அறிவார், பாவம்!

யார் பதிவு செய்கிறார்கள்?

சென்னை மாகாணத்தில் 1926-லேயே நர்சுகள், மருத்துவச்சிகளுக்கு சட்டம் வந்துவிட்டது. அதன் வழி வந்ததுதான் சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில். பயிற்சிப் பள்ளிகளை அங்கீகரிப்பது, தேறியவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது, தவறு நிரூபணமானால் பெயரை நீக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. நாடு முழுக்கப் படிப்பின் தரம் ஒன்றாக இருக்க 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாகத் தேசிய ஆணையம் அமைக்க 2023-ல் பாராளுமன்றம் புதுச்சட்டம் நிறைவேற்றியது. அதிலும் மாநிலப் பதிவேடு உண்டு.

எங்கள் சித்த வைத்தியத்துக்கும் இப்படித் தனிக் கவுன்சில் இருக்கிறது. பதிவு எண் இல்லாமல் நான் சீட்டு எழுத முடியாது.

என்ன படிப்பு?

பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ மூன்று வருஷம். கிராமத்தில் தடுப்பூசி போட வரும் சுகாதார செவிலியரின் ஏ.என்.எம். படிப்பு இரண்டு வருஷம். தேறினால் மட்டும் போதாது. கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். ஒருமுறை பதிந்தால் ஆயுசுக்கும் செல்லும் என்பதும் இல்லை; ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* கவுன்சில் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். உண்மையான நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்.

* பெயர், பதிவு எண், புதுப்பித்த தேதி மூன்றையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கவுன்சிலிலேயே விசாரிக்கலாம்.

* குளிப்பாட்ட, சோறு ஊட்ட, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க, பழகிய உதவியாளர் போதும். ஊசி, டிரிப், சிறுநீர்க் குழாய் என்றால் பதிவு பெற்ற நர்ஸ்தான் வேண்டும்.

* வீட்டாரே இன்சுலின் போடலாம். டாக்டரோ நர்ஸோ நேரில் கற்றுத்தர வேண்டும். குப்பியில் 40 என்றால் 40 சிரிஞ்சு, 100 என்றால் ஆரஞ்சு மூடி போட்ட 100 சிரிஞ்சு.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் டூ முடித்த மகளையோ மகனையோ நர்சிங்கில் சேர்க்கப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தப் பள்ளிக்குக் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலேயே நர்சிங் படிப்பு இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் எத்தனை வருஷம் படித்தாலும் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் அரசு வேலையும் இல்லை, வெளிநாட்டு வேலையும் இல்லை. கட்டின பணமும் பிள்ளையின் வயசும் திரும்பி வராது.