விடுமுறையில் ஒரு நடை: ஏற்ற பாதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் கிடைக்கும் பள்ளி விடுமுறை ஒரு வாரம்தான். துணைப்பாட வகுப்பு, வீட்டுப்பாடம், உறவினர் வீட்டு விசேஷம் எல்லாம் போக, வெளியே சென்றுவர இரண்டு அல்லது மூன்று நாள்களே மிஞ்சும். தமிழ்நாட்டிலிருந்து விருந்தினர் வந்தாலும் இதே நிலைதான். சிராங்கூன் சாலையில் தங்கி, கோயில்களையும் தேக்கா சந்தையையும் பார்த்து முடித்ததும், “இந்த ஊரில் காடு, மலை எதுவும் இல்லையா?” என்று அவர்கள் கேட்பது உண்டு.

இருக்கின்றன. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்தே அவற்றுக்குச் செல்லலாம். அங்கு வடகிழக்குத் தடமும் டௌன்டவுன் தடமும் சந்திக்கின்றன. வடகிழக்குத் தடத்தில் ஏறினால் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கித் தெற்குக் குன்றுகளை அடையலாம். டௌன்டவுன் தடத்தில் ஏறினால் புக்கிட் தீமா காட்டுக்கு அருகில் இறங்கலாம். ஆகவே, செல்வதற்கு இடம் இல்லை என்பது சிக்கல் அன்று. இருக்கும் சில மணி நேரத்துக்கும், உடன் வருவோரின் உடல்நிலைக்கும் ஏற்ற பாதை எது என்பதே கேள்வி. தவறான பாதையைத் தேர்ந்தெடுத்தால் விடுமுறையில் ஒரு நாள் வீணாகும். சில வேளைகளில் முதியவர்களின் உடல்நலத்துக்கே ஆபத்து நேரலாம்.

எண்களும் படங்களும் சொல்லாதவை

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் முதலில் பார்ப்பது படத்தை; அடுத்துப் பார்ப்பது ஓர் எண்ணை. இரண்டுமே ஏமாற்றக்கூடும்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் உள்ள மரஉச்சி நடைபாலம் 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இரண்டு மேடுகளை இணைக்கும் இந்தத் தொங்குபாலத்தின் நீளம் 250 மீட்டர். காட்டின் தரையிலிருந்து அதன் மிக உயரமான பகுதி 25 மீட்டர் மேலே இருக்கிறது. 250 மீட்டர் என்பது நான்கைந்து நிமிட நடைதானே என்று தோன்றும். ஆனால், பாலம் சாலையோரத்தில் இல்லை. காட்டின் நடுவில் இருக்கிறது. வீனஸ் டிரைவ் பக்கத்திலிருந்து சென்று திரும்ப ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மேலும், பாலத்தில் ஒரே திசையில்தான் செல்லலாம். பாதியில் களைத்தவர் வந்த வழியே திரும்ப இயலாது. பாலத்தைக் கடந்த பிறகும் ஏற்ற இறக்கமான படிகள் காத்திருக்கும். பொது விடுமுறை அல்லாத திங்கட்கிழமைகளில் பாலம் மூடப்பட்டிருக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

புக்கிட் தீமா குன்றின் நிலையும் இதுவே. சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்றான இதன் உயரம் 163 மீட்டருக்குச் சற்று அதிகம். உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் பார்த்தவர்கள் இதனைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால், குறுகிய தொலைவில் அந்த உயரத்தை எட்டுவதால் பாதை செங்குத்தாக இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவருக்கு ஏறுவதைவிட இறங்குவதே அதிகத் துன்பம் தரும்.

நேரத்தைக் கணக்கிடுதல்

1892ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஓர் எளிய கணக்கை வகுத்தார். சமதளத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அத்துடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். அதாவது, 10 மீட்டர் உயரம் ஏற ஒரு நிமிடம் கூடுதலாகும்.

இக்கணக்கை நம் ஊரில் பயன்படுத்திப் பார்க்கலாம். ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு அருகிலிருந்து ஃபேபர் மலைக்குச் செல்லும் மராங் பாதையின் நீளம் 800 மீட்டர். சமதளமாக இருந்தால் அதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால், பாதை ஏறத்தாழ 70 மீட்டர் மேலே ஏறுகிறது. அதற்காக ஏழு நிமிடத்தைக் கூட்ட வேண்டும். ஏற்றத்தால் நேரம் ஒன்றே முக்கால் மடங்காகிறது.

நெய்ஸ்மித்தின் கணக்கு குளிர் நாட்டில், உடல் வலிமையுள்ள நடையருக்காக உருவானது. சிறுவர்களும் முதியவர்களும் உடன் வரும்போது, கிடைக்கும் விடையை இரு மடங்காகக் கொள்வது நல்லது. அவ்வாறு பார்த்தால், மெக்ரிட்சி காட்டின் 7 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பது புலப்படும்.

பாலைவனமும் மழைக்காடும்

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் போன்ற வறண்ட பகுதிகளில், கோடைக்காலத்தில் காலை பத்து மணிமுதல் மாலை நான்கு மணிவரை பள்ளத்தாக்கினுள் நடப்பதைத் தவிர்க்குமாறு பூங்கா அதிகாரிகள் அறிவுறுத்துகிறார்கள். சிங்கப்பூரில் பாலைவனம் இல்லை. வெயிலும் அந்த அளவுக்குக் கொளுத்துவதில்லை. அப்படியானால் இங்கு அஞ்ச வேண்டியதில்லை என்று எண்ணலாமா?

எண்ணக்கூடாது. நம் உடல், வியர்வை ஆவியாவதால் குளிர்கிறது. ஆவியாகும் நீர், தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பாலைவனத்தின் உலர்ந்த காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடும். அதனால், உடல் நீரை இழப்பது தெரியாமலேயே தாகம் முற்றிவிடும். சிங்கப்பூரின் காற்றிலோ ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் சட்டையை நனைத்துச் சொட்டுகிறது. நீர் போகிறது, ஆனால், உடல் குளிர்வதில்லை. காரணங்கள் வேறாக இருந்தாலும் முடிவு ஒன்றே: காலையிலேயே புறப்பட வேண்டும், தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்னரே சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்.

இதற்கு உதவியாக, 2023ஆம் ஆண்டுமுதல் சிங்கப்பூரில் வெப்ப அழுத்த நிலை அறிவிக்கப்படுகிறது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணித்து, குறைவு, மிதம், அதிகம் என மூன்று நிலைகளாகத் தருகிறார்கள். ‘மைஎன்வி’ செயலியில் இதனைக் காணலாம். ‘அதிகம்’ என்று காட்டினால், அன்று நீண்ட நடையைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. நடக்கும்போது ஒருவருக்குத் தலைசுற்றலோ குமட்டலோ ஏற்பட்டால், உடனே நிழலில் அமரச் செய்து, உடலைக் குளிர்விக்க வேண்டும். பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ 995 எண்ணை அழைக்கத் தயங்கக்கூடாது.

மின்னலும் அப்படியே. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்யும். மின்னலைக் கண்டதும் நொடிகளை எண்ணி, இடி கேட்டதும் அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மின்னல் இருக்கும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அப்போது மரத்தடியில் ஒதுங்கக்கூடாது; பாலத்திலும் குன்றின் உச்சியிலும் நிற்கக்கூடாது. கட்டடத்துக்குள் செல்ல வேண்டும்.

எளிய பாதையின் அடையாளங்கள்

ஒரு பாதை எளியதா என்பதை அறிய ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். மொத்தத் தொலைவு எவ்வளவு? ஏற்றமும் படிகளும் எத்தனை? நிழல் உண்டா? குடிநீரும் கழிப்பறையும் எங்கே உள்ளன? பாதியில் வெளியேற வழி உண்டா? இவற்றுள் கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீண்ட பாதையாக இருந்தாலும், இடையிடையே சாலைக்கு இறங்க வழி இருந்தால் அது குடும்பத்துக்கு ஏற்றது. குறுகிய பாதையாக இருந்தாலும், உள்ளே நுழைந்தபின் முடித்தே ஆக வேண்டுமென்றால் அது கடினமானது.

தெற்குக் குன்றுப் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மொத்த நீளம் 10 கிலோமீட்டர். ஆனால், அது ஃபேபர் மலை, தெலுக் பிளாங்கா குன்று, ஹார்ட்பார்க், கெண்ட் ரிட்ஜ் எனப் பல பூங்காக்களை இணைப்பதால், விரும்பிய பகுதியை மட்டும் நடக்கலாம். 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம், சாலைக்கு 36 மீட்டர் மேலே அலைபோல் வளைந்து செல்கிறது. நீளம் 274 மீட்டர். அதற்கு அப்பால், மரக்கிளைகளின் உயரத்தில் அமைந்த காட்டு நடைபாதை சரிவு குறைவானது. சக்கர நாற்காலியும் அதில் செல்லலாம். மராங் பாதையின் படிகளை ஏற இயலாதவர்கள் ஃபேபர் மலைக்கு வாகனத்தில் சென்று, அங்கிருந்து நடையைத் தொடங்கலாம்.

சமதளத்தை விரும்புவோர்க்குப் பழைய ரயில் பாதை இருக்கிறது. தஞ்சோங் பகாருக்கு வந்த மலாயா ரயில் 2011 ஜூன் 30 அன்று கடைசியாக ஓடியது. தண்டவாளம் இருந்த 24 கிலோமீட்டர் நிலம் இன்று பசுமைப் பாதையாக இருக்கிறது. கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கினால், பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தையும் இரும்புப் பாலத்தையும் பார்க்கலாம். மலாயாவின் ரயில் பாதைகளில் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் உழைத்தனர் என்பதால், அந்த நடை ஒரு வரலாற்றுப் பாடமாகவும் அமையும். திறந்த வெளிகளில் நிழல் குறைவு என்பது மட்டுமே கவனத்துக்குரியது.

பறவைகளைக் காண விரும்புவோர் கிராஞ்சிக்கு அருகிலுள்ள சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குச் செல்லலாம். செப்டம்பர்முதல் மார்ச்வரை வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவிலிருந்தும் பறவைகள் இங்கு வந்து தங்குகின்றன. இரண்டு குறுகிய பள்ளி விடுமுறைகளும் இந்தக் காலத்துக்குள் வருவது மாணவர்களுக்கு வாய்ப்பானது. நீரில் முதலைகள் உண்டு. ஆகவே, பாதையைவிட்டு இறங்கக்கூடாது.

ஒரு திட்டம்

முழங்கால் வலியுள்ள பாட்டியும் ஒன்பது வயதுச் சிறுமியும் இருக்கும் குடும்பம் ஒன்றுக்கு மூன்று நாள் விடுமுறை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தையும் காட்டு நடைபாதையின் ஒரு பகுதியையும் தேர்ந்தெடுக்கலாம். இதனால், யாரால் எவ்வளவு நடக்க முடியும் என்பது அனைவருக்கும் தெரிந்துவிடும். இரண்டாம் நாள் ரயில் பாதையிலோ சுங்கை பூலோவிலோ இரண்டு கிலோமீட்டர் நடக்கலாம். மூன்றாம் நாள் மெக்ரிட்சி. வலிமையுள்ளவர்கள் மரஉச்சிப் பாலத்துக்குச் செல்ல, பாட்டியும் சிறுமியும் இன்னொருவருடன் நீர்த்தேக்கக் கரையின் பலகைப் பாதையில் உலாவலாம். அதே காடு, அதே நீர், அதே பறவைகளின் ஒலி இருவகையினருக்கும் கிடைக்கும்.

ஒவ்வொரு நாளும் காலை ஏழரை மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிப்பது நன்று. புறப்படும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தின்பண்டங்களைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுச் சென்றால் குரங்குகள் பறித்துக்கொள்ளும். அவற்றுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றமுமாகும்.

ஒன்றாகச் செல்பவர்களில் மிக மெதுவாக நடப்பவரே அந்த நடையின் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். அவருக்கு ஏற்ற பாதையைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் எதையும் இழப்பதில்லை. மெதுவாக நடக்கும்போதுதான் கிளையில் அசையாமல் இருக்கும் பறக்கும் ஓணானும், சேற்றில் நடக்கும் சேற்று மீனும் கண்ணில் படுகின்றன. வீடு திரும்பிய பிறகு பாட்டி, “அடுத்த விடுமுறையில் எங்கே போகலாம்?” என்று கேட்டால், தேர்வு சரியாக அமைந்தது என்று கொள்ளலாம்.