உடைந்த இணைப்புக்கு இடம் தந்தவர்

வெப் டெவலப்பர் வேலைக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, இதுவரை என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்பதுதான். இந்தத் தொழிலின் முதல் ஆளான டிம் பெர்னர்ஸ்-லீயிடம் 1990-ஆம் ஆண்டின் கடைசியில் இதைக் கேட்டிருந்தால், ஐந்தைக் காட்டியிருப்பார்: பக்கங்களை எழுத எச்டிஎம்எல், அவற்றைக் கேட்டுப் பெற எச்டிடிபி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி, ஒரு பிரவுசர், ஒரு சர்வர். இன்று நாம் புழங்கும் வலை மொத்தமும் இந்த ஐந்தின் மேல்தான் நிற்கிறது.

1955-இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் இருவருமே கணிதம் படித்து, ஃபெராண்டி மார்க் 1 என்ற ஆரம்பகாலக் கணினியில் வேலை பார்த்தவர்கள். மகன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்ததோ இயற்பியல். பிறகு ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்தார். அங்கே ஆளுக்கொரு வகைக் கணினி. ஒன்றில் இருக்கும் ஆவணத்தை இன்னொன்றில் திறக்க முடியாது. ஆராய்ச்சியாளர்கள் சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுவார்கள், அவர்கள் அறிந்துவைத்திருந்ததும் கூடவே போய்விடும். இதற்கு ஒரு வழி சொல்லி 1989 மார்ச்சில் அவர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் திட்டத்தின் அடிப்படையான, ஒரு சொல்லைத் தொட்டால் வேறொரு ஆவணத்துக்குப் போகும் ஹைப்பர்டெக்ஸ்ட் அப்போது புதிதல்ல. அமெரிக்காவின் டெட் நெல்சன் 1960-களிலேயே அதைப் பேசியிருந்தார். ஆனால் அன்றைய அமைப்புகள் பலவற்றில் எல்லா இணைப்புகளும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தன. ஒரு ஆவணத்தை அழித்தால் அதைச் சுட்டும் இணைப்புகளும் சரிசெய்யப்படும். எதுவும் உடையாது, ஆனால் எல்லாவற்றையும் ஒருவர் மேற்பார்க்க வேண்டும். அப்படியொன்று உலகம் முழுக்கப் பரவ முடியாது.

பெர்னர்ஸ்-லீ அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டார். அவருடைய இணைப்பு ஒருவழிப் பாதை. நான் உங்கள் பக்கத்தைச் சுட்டலாம். உங்களைக் கேட்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியக்கூட வேண்டியதில்லை. நீங்கள் பக்கத்தை எடுத்துவிட்டால் என் வாசகருக்கு 404 என்ற பதில் வரும், அவ்வளவுதான். 1991-இல் அமெரிக்காவில் நடந்த ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாட்டில் அவருடைய கட்டுரை ஏற்கப்படவில்லை, செயல்விளக்கத்துக்கு மட்டுமே இடம் கிடைத்தது. என்னைக் கேட்டால், அவருடைய திறமைகளில் ஆகப்பெரியது கட்டுப்பாட்டை இப்படி விட்டுக்கொடுத்ததுதான். எதைச் சேர்ப்பது என்பது பலருக்குத் தெரியும்; எது இல்லாமலும் ஓடும் என்று காண்பது அபூர்வம்.

எச்டிடிபி-யின் முதல் வடிவத்திலும் அதே மனம் தெரிகிறது. அதில் இருந்தது ஒரே ஒரு கட்டளை: கெட். அதை அடுத்துப் பக்கத்தின் பெயர். இந்த ஒரு வரி போனதும் சர்வர் பக்கத்தை அனுப்பிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். கேட்டது யார், முன்பு என்ன கேட்டார் என எதையும் நினைவில் வைக்காது. அதனாலேயே ஒரு சிறிய கணினி பலருக்குப் பரிமாற முடிந்தது. (வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ளும் குக்கீ 1994-இல்தான் வந்தது.) எச்டிஎம்எல்லிலும் அப்படியே: தெரியாத குறிச்சொல் வந்தால் பிரவுசர் முரண்டு பிடிக்காது, அதை ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டும். 1990-களின் தொடக்கத்தில் எழுதிய பக்கம் இன்றைய செல்போனிலும் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அவருடைய பிரவுசர் நெக்ஸ்ட் கணினியில் மட்டுமே ஓடும். அதுவோ செர்னில் சிலரிடமே இருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த நிக்கோலா பெல்லோ என்ற கணித மாணவி, எந்தக் கணினியிலும் ஓடக்கூடிய எளிய பிரவுசரை எழுதினார். மவுஸ் வேண்டாம், படம் கிடையாது. ஒவ்வோர் இணைப்பின் பக்கத்திலும் ஓர் எண் இருக்கும். அதைத் தட்டினால் அடுத்த பக்கம். செர்ன் ஊழியர்கள் பலரை வலைக்கு முதலில் இழுத்தது இயற்பியல் கட்டுரைகள் அல்ல, ஆய்வகத்தின் தொலைபேசி எண் பட்டியல். அன்றாடம் தேவைப்பட்ட அந்த ஒன்று எந்த மேசையிலிருந்தும் கிடைத்ததும் சந்தேகப்பட்டவர்களும் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

அப்போது வலையைவிடப் பரவலாக இருந்தது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கோஃபர் என்ற தகவல் அமைப்பு. 1993 தொடக்கத்தில் அதன் சர்வர் மென்பொருளுக்குச் சில பயனாளர்களிடம் கட்டணம் வாங்கப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்ததும் அதைப் பயன்படுத்தப் பலர் தயங்கினார்கள். பெர்னர்ஸ்-லீயும் சகா ராபர்ட் கையோவும் நிர்வாகத்திடம் தொடர்ந்து வலியுறுத்தியதன் பலனாக, அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று செர்ன் வலையின் மென்பொருளைப் பொதுவுடைமையாக அறிவித்தது. இணைப்புக் கொடுக்க எப்படி யாரையும் கேட்க வேண்டாமோ, அப்படியே சர்வர் எழுதவும் பிரவுசர் எழுதவும் அதன்பின் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.