உங்களுக்குத் தெரியுமா? பெரிய குழந்தை என்றாலே சிசேரியன் இல்லை

தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்றது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆனால் ‘குழந்தை பெரிசு’ என்ற ஸ்கேன் கணிப்பு மட்டுமே சிசேரியனுக்குப் போதுமான காரணமாகாது. கணிப்பு 10–15 சதவீதம் பிசகலாம். நாலு கிலோ என்றது மூன்றரையாகப் பிறப்பதுண்டு. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கி, கைநரம்பு பாதிக்குமே என்ற அச்சம் நியாயம்தான். ஆனால் 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி, நாலரைக் கிலோ என்றாலே அறுவை என வைத்தால், சர்க்கரை இல்லாத தாய்மாரில் ஒரு நிரந்தர நரம்புப் பாதிப்பைத் தடுக்க 3,695 சிசேரியன் வேண்டும். சர்க்கரை இருந்தால் 443. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பும், சர்க்கரை இருந்தால் 4.5 கிலோ, இல்லாவிட்டால் 5 கிலோ என்ற கணிப்பில்தான் அறுவையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. ஆம்பூர், வேலூர்ப் பக்கம் அந்த எடையே அபூர்வம்!