மேசையில் வெள்ளை வளையம் ஏன்?

தாத்தாவின் தேக்கு மேசையில், சூடான காபி டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம். உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள்! மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கறை மேலே உள்ள அரக்குப் பாலிஷில்தான். சூட்டில் இளகிய படலத்துக்குள் ஈரம் புகுந்து நுண்துளிகளாகத் தங்கி, ஒளியைச் சிதறடிக்கிறது. மூடுபனி வெளுப்பாகத் தெரிவதும் இப்படித்தான்.

அரக்கு, பூச்சி சுரக்கும் பிசின். காய்ந்த பிறகும் ஸ்பிரிட்டில் இளகும். பழுதுபார்க்க இவ்வளவு இணக்கமான பூச்சு வேறில்லை என்பேன். பருத்தித் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, உள்ளங்கையில் சில்லென்று மட்டும் படும் ஈரத்தோடு, வளையத்தின் மேல் நிற்காமல் வீசித் துடையுங்கள். ஸ்பிரிட் தீப்பற்றும் என்பதால் அடுப்புப் பக்கம் இதைச் செய்ய வேண்டாம். படலம் நொடிநேரம் இளகி, ஈரம் வெளியேற, தேக்கின் ரேகை மெல்லத் தெளியும். துணி ஓரிடத்தில் நின்றால் பாலிஷ் பிய்ந்துவிடும்.

வளையம் கறுப்பென்றால் ஈரம் மரம்வரை இறங்கியிருக்கிறது. அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது.