கனடா அலாரமும் தம்பலகாமத்துக் காற்றும்

ஜப்பானில் ஓடி முடித்து இலங்கைக்கு வந்த கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: ரேடியோவைப் போட்டால் நம்முடைய எஃப்.எம். நிலையங்களில் பெரும்பாலானவை கேட்காது. ஜப்பானில் பண்பலைக்கு நெடுங்காலம் இருந்த இடம் 76 முதல் 90 மெகாஹேட்ஸ். இங்கே 88 முதல் 108. 'பாண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சின்னப் பெட்டியைப் பொருத்தினால் பாட்டு வந்துவிடும்.

கார் ரேடியோ ஊமையானால் பாட்டுத்தான் போகும். வீட்டு அலாரம் ஊமையானால்? பிள்ளைகள் மத்திய கிழக்கிலும் கனடாவிலும் இருக்க, முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளும் பூட்டிய வீடுகளும் திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமத்துக்குப் புதிதல்ல. வயர் இல்லாத அலாரம் உறவினரின் பயணப் பெட்டியில் வரும். இல்லாவிட்டால் இணையத்தில் வாங்கப்படும். சைரன் ஒருமுறை அலறிவிட்டால் எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறோம்.

அது வேலை செய்யும் விதம் எளிது. கதவு நிலையில் ஒரு சென்சர், கதவில் ஒரு காந்தம். கதவு திறந்து காந்தம் விலகியதும், பற்றரியில் இயங்கும் சென்சர் தன் அடையாள இலக்கத்தை வானொலி அலையில் கணநேரம் அனுப்பும். மலிவான வகைகளில் இந்தப் பேச்சு ஒருவழிதான். மையப் பெட்டிக்குக் கேட்டதா என்பது சென்சருக்குத் தெரியாது. சென்சர் உயிரோடு இருக்கிறதா என்பது பெட்டிக்கும் தெரியாது.

எந்த அலைவரிசையில் பேசுகிறது என்பதில்தான் சிக்கல். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று வலயங்களாகப் பிரித்திருக்கிறது. ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் முதலாவதில், அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவதில், இலங்கை மூன்றாவதில். மலிவு அலாரங்கள் பலவும் பேசும் 433.92 மெகாஹேட்ஸ், முதலாம் வலயத்தில் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென விடப்பட்ட துண்டு. நம் வலயத்தில் அப்படியொரு பொது ஏற்பாடு கிடையாது. அந்தந்த நாடுதான் முடிவுசெய்ய வேண்டும். 430க்கு மேலே அமெச்சூர் வானொலிக்காரர்களும் இருக்கிறார்கள்.

வட அமெரிக்கச் சாதனத்தின் கதை இன்னும் மோசம். அங்கே விற்கப்படும், 'ஸீ-வேவ்' என்ற வயர் இல்லாத முறையில் இயங்கும் சென்சர்கள் 908.42 மெகாஹேட்ஸில் பேசுகின்றன. இங்கே 890 முதல் 915 வரை, கைத்தொலைபேசி தன் கோபுரத்தோடு பேசும் பாதை. ஜி.எஸ்.எம். போன் ஒன்று 2 வாட் வரை சக்தியை உமிழும். சென்சருக்கோ சில மில்லிவாட்தான். பக்கத்து அறையில் ஒருவர் போனில் பேசும் நேரம் பார்த்துக் கதவு திறந்தால், சென்சரின் குரல் அமுங்கிப்போகலாம். கோபுரத்துக்கும் அந்தச் சென்சர் வேண்டாத இரைச்சல்தான்.

கந்தளாய்க் குளத்து நீரை முறைவைத்துப் பகிர வட்டவிதானை இல்லாவிட்டால் கடைசி வயல் காயும் என்பது தம்பலகாமத்து விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றுவெளியில் அந்த வேலை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுடையது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் அதன் 1996 திருத்தமும் அதற்கு அதிகாரம் தருகின்றன. வானொலி அலை வெளியிடும் கருவிகளின் இறக்குமதியும் விற்பனையும் அதன் அனுமதிக்கு உட்பட்டவை. கருவிக்கு 'வகை அங்கீகாரம்' என்றொரு சான்றும் உண்டு. போன் வாங்கும்போது ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை 1909க்கு அனுப்பிப் பார்க்கப் பழகிவிட்டோம். கதவுச் சென்சருக்கு அப்படியோர் இலக்கம் கிடையாது. லேபிளை நாமேதான் வாசிக்க வேண்டும்.

ஒரு வீட்டுக் கருவி ஊரையே குழப்பிய கதை 2019இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் நடந்தது. நோர்த் ஓம்ஸ்டெட் என்ற இடத்தில் கார்ச் சாவி ரிமோட்டுகளும் கராஜ் கதவு ரிமோட்டுகளும் வாரக்கணக்காக வேலை செய்யவில்லை. தேடிப் போனவர்கள் கண்டது, ஒருவர் வீட்டில் தானே செய்துவைத்த பற்றரிக் கருவி. தான் நிலவறையில் வேலை செய்யும்போது மேல்மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் தெரிந்துகொள்ளச் செய்தது. அது 315 மெகாஹேட்ஸில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தக் கருவியை நிறுத்தியதும் தெரு பழைய நிலைக்குத் திரும்பியது.

2004இல் புளோரிடாவில் நடந்தது இதற்கு மறுபக்கம். எக்லின் விமானப்படைத் தளம் புதிய வானொலித் தொகுதியைச் சோதித்தபோது, சுற்றுவட்டாரத்தில் 390 மெகாஹேட்ஸ் கராஜ் கதவுகள் திறக்க மறுத்தன. அந்த அலைவரிசை இராணுவத்துக்குரியது. உரிமம் தேவையில்லாத சிறு கருவி பிறருக்கு இடையூறு செய்யக்கூடாது, தனக்கு வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்நாட்டு விதி. முறையிட வழி இருக்கவில்லை. சீனக்குடாவில் விமானப்படையும் திருகோணமலையில் கடற்படையும் தளம் வைத்திருக்கும் நம் மாவட்டமும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆக, அங்கீகாரம் பெற்ற கருவி அயலவரைத் தொந்தரவு செய்யும் வாய்ப்புக் குறைவு. ஆனால் உங்கள் சென்சரின் குரல் எப்போதும் கேட்கும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. கடையில் எத்தனை மீற்றர் தூரம் போகும் என்பதோடு, எத்தனை மெகாஹேட்ஸ், வகை அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். குறித்த இடைவெளியில் 'இருக்கிறேன்' என்று பெட்டிக்குச் சொல்லும் சென்சர்களையே தேடுங்கள். முன்கதவுக்கும் சைரனுக்கும் முடிந்தால் வயரே இழுங்கள். மாதம் ஒருமுறை, வீட்டில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருக்க, மற்றவர் கதவைத் திறந்து பாருங்கள். சைரன் அடிக்காவிட்டால், அந்த அலாரத்தை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.