பிரேசர் மலைக்கு ஒரு புதன்கிழமை

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால், காலை நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடு வரும். “குளிரா, அமைதியா ஓர் இடம் சொல்லுங்க. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போகணும்.” கேமரன் மலை இருக்கிறதே என்றால் மறுமுனையில் பெருமூச்சுதான் கேட்கும். “குளிர் இருக்குங்க. ஆனா தாப்பாவுல இருந்து மேல ஏறி முடிக்கிறதுக்குள்ள பிள்ளைங்க ரெண்டு தடவை தூங்கி எழுந்திடுதுங்க.”

குளிருக்குக் கணக்கு எளிது. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். கோலாலம்பூரில் 33 டிகிரி கொளுத்தும் மதியத்தில், 1,300 மீட்டர் உயரத்தில் 25 டிகிரி அளவில்தான் இருக்கும். இரவில் போர்வை தேடுவோம். அமைதிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டா? நம் நாட்டு மலைகள் சிலவற்றுக்குப் போய் வந்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: சாலையைப் பாருங்கள். ஏறுவது எங்கே சுலபமாகிறதோ, அங்கே அமைதி முதலில் கீழே இறங்கிவிடுகிறது.

கெந்திங் மலையின் கதையே இதற்குச் சாட்சி. 1964இல் லிம் கோ தோங் கேமரன் மலையில் நீர்மின் திட்டக் குத்தகை வேலையில் இருந்தார். குளிருக்காக இவ்வளவு பேர் இங்கே வருகிறார்களே, தலைநகருக்குப் பக்கத்திலேயே ஒரு மலை இருந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. காட்டைக் குடைந்து சாலை போட்டார். அதற்குப் பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். கெந்திங்கில் கிடைக்காதது என்று பார்த்தால் நிசப்தம் ஒன்றுதான்.

கேமரன் மலையை அப்படி ஒரு வரியில் கடந்து போக எனக்கு மனம் வராது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்தப் பீடபூமியைப் பற்றிப் பதிவு செய்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்கு ஒதுங்க மலை ஏறிய காலத்தில், நம் பாட்டன் பாட்டிகள் முதுகில் கூடையோடு அதே மலையில் விடியற்காலைப் பனியில் வேலைக்கு இறங்கினார்கள். இன்று தோட்டங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான். ஆனாலும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பிரிஞ்சாங்கில் முருகன் கோயில் இருக்கிறது. தேநீர்க்கடைக் கண்ணாடி வழியாகப் பச்சைச் சரிவைப் படம் எடுக்கும்போது, அதை யார் கைகள் அப்படிச் சீராக்கின என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஆனால் அந்த மலை களைத்துவிட்டது. தாப்பா வழிக்குத் துணையாகச் சிம்பாங் பூலாய் சாலையும் வந்தது. காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகள் சரிவுகளை மூடின. வெட்டிய சரிவில் மழை பெய்தால் மண் ஆற்றுக்கு வரும், ஆற்றிலிருந்து ரிங்லெட் ஏரிக்கு வரும். ஏரியில் மண் சேரச் சேர, தண்ணீருக்கு இடம் குறையும். 2013 அக்டோபர் 23ஆம் தேதி, கனமழையில் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. விடுமுறை நெரிசலில் நாம் இழப்பது நான்கு மணி நேரம். அங்கேயே குடியிருப்பவர்கள் இழப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதனால்தான் அமைதி கேட்கும் நேயர்களுக்கு இப்போதெல்லாம் பகாங்கின் பிரேசர் மலையைச் சொல்கிறேன். தலைநகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கோலா குபு பாருவைத் தாண்டி, சுங்கை சிலாங்கூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி, வளைந்து வளைந்து ‘கேப்’ என்ற இடத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து மேலே 8 கிலோமீட்டர் மிகக் குறுகிய பாதை. ஒரு காலத்தில் ஒற்றைப்படை மணியில் ஏறலாம், இரட்டைப்படை மணியில் இறங்கலாம் என்று நேரம் வகுத்து வைத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் வண்டிகளை விட அந்தப் பாதையில் இடம் இல்லை. அந்த நெருக்கடிதான் மலையைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

மலைக்குப் பெயர் தந்த லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர், ஈயத் தொழிலுக்காக வந்த ஸ்காட்லாந்துக்காரர். பிறகு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. 1917இல் அவரைத் தேடி ஏறிய சிங்கப்பூர் பேராயருக்கு அவர் கிடைக்கவில்லை, மலை கிடைத்தது. அவருடைய பரிந்துரைக்குப் பின் 1919இல் வேலை தொடங்கி, 1922இல் ஓய்வுத்தலமாகத் திறந்தார்கள். கல் பங்களாக்கள், கொடி படர்ந்த சிறிய மணிக்கூண்டு எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சம். வரும் வழிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1951 அக்டோபர் 6ஆம் தேதி, பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி இங்கே ஓய்வுக்கு வந்துகொண்டிருந்தபோது, கேப்புக்குச் சற்று முன்னே கம்யூனிஸ்டுகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

நான் போனது ஒரு புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு மணிக்கூண்டு அருகே உட்கார்ந்திருந்தேன். வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே கட்டுப்பாட்டு அறையில் எல்லோர் முகமும் மாறிவிடும். அந்தப் பழக்கத்தில் எனக்கு முதல் பத்து நிமிடம் என்னவோபோல் இருந்தது. பிறகுதான் காது திறந்தது. பனித்துளி இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் சத்தம். எங்கோ தொலைவில் சியாமாங் குரங்குகள். ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குரல் கொடுக்கும். தொண்டைப் பை பலூன்போல் உப்பி, கூவல் பள்ளத்தாக்கு முழுதும் எதிரொலிக்கும். அதற்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

பறவை பார்ப்பவர்களுக்கு இது புண்ணியத் தலம் மாதிரி. இங்கே 250க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அனைத்துலகப் பறவை காணும் போட்டி 1988இல் தொடங்கியது. மஞ்சள் மார்பும் வெள்ளிக் கன்னமுமாக ஒரு சிட்டு, நான் பசியாறிக்கொண்டிருந்த மேசைக்கு எட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. பிள்ளைகளுக்கு ஹெம்மன்ட் நடைபாதை போதும், ஒரு கிலோமீட்டர்தான். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், காலுறைக்குள் சிலுவாரைச் செருகிக்கொள்ளுங்கள்.

இந்த அமைதி இப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இங்கே 15 மாடி விடுதி ஒன்றைக் கட்டும் திட்டம் வந்தது. குடியிருப்பாளர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள், விவகாரம் நீதிமன்றம்வரை போனது. மலையில் பிழைப்பு வேண்டும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வார நாள்களில் கடைக்காரர்கள் ஈ ஓட்டுவதை நானே பார்த்தேன். ஆனால் 15 மாடிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? சுற்றுலாப் பேருந்துகள் ஏற எந்தச் சரிவை வெட்டுவார்கள்? சனிக்கிழமை எல்லோரும் ஒன்றாக ஏறி ஞாயிறு ஒன்றாக இறங்குவதைவிட, விடுப்பு கிடைப்பவர்கள் புதன்கிழமை வந்தால், இருக்கும் அறைகளே நிரம்பும், கடைகளும் பிழைக்கும். நம் கையில் இருப்பது அவ்வளவுதான்.

தைப்பிங் பக்கம் இருப்பவர்கள் புக்கிட் லாருட்டைக் கேட்பீர்கள். 1884இல் உருவான பழைய மலைத்தலம். சொந்தக் காரில் ஏற முடியாது, அதிகாரபூர்வ ஜீப் அல்லது நடை. மழை அதிகம் கொட்டும் மலை என்பதால், மண்சரிவு காரணமாக நீண்ட காலம் மூடிக் கிடந்தது. விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிரேசர் மலைக்கும் அப்படித்தான். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே பெட்ரோல் நிலையம் இல்லை, கோலா குபு பாருவிலோ ரவூப்பிலோ நிரப்பிவிட வேண்டும். சாப்பாட்டுக் கடைகள் சீக்கிரம் மூடிவிடும், கைப்பேசிக்குச் சில இடங்களில் தொடர்பு கிடைக்காது. மாலையில் பனி இறங்கினால் பாதை தெரியாது, நான்கு மணிக்குள் ஏறிவிடுங்கள். கேப்புக்கு மேலே உள்ள வளைவுகளில் ஒருமுறை ஹார்ன் அடிப்பது நல்லது. மணிக்கூண்டைத் தாண்டிய பிறகு அதற்கு வேலை இல்லை.