கணிப்பொறி நின்றால் கணக்கு நிலைக்குமா?

பேரேடும் குறிப்பேடும் இருந்த இடத்தில் இன்று நம் கடைகள் பலவற்றில் கணிப்பொறி வந்து அமர்ந்துவிட்டது. வாடிக்கையாளர் பாக்கி, சரக்கு இருப்பு, கொள்முதல், ஜி.எஸ்.டி. எல்லாம் அதற்குள்தான். இயந்திரம் பழுதானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பாக்கிக் கணக்கு அழிந்தால் யாரிடம் போய் வசூலிப்பது? விற்க வருபவர் ‘நம்பகமானது’ என்கிறார். அந்த நம்பகத்தை அளக்க வழி உண்டா? உண்டு. வணிகர்கள் அதை அறிந்திருப்பது நல்லது என்று நாம் கருதுகிறோம்.

கல் கலந்து பார்ப்பது

பருப்பில் கல் பொறுக்கும் ஆளின் கவனத்தை அறிய, சுத்தமான பருப்பைக் கொடுத்துப் பயனில்லை. எண்ணி 20 கல்லை நாமே கலந்து கொடுத்து, எத்தனை திரும்பி வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் இப்படிச் சோதிக்கிறார்கள். கணிப்பொறியில் நடக்கும் எல்லா வேலைகளையும் மேற்பார்ப்பது இந்த அடிப்படை மென்பொருள்தான். தானாகப் பிழை வரட்டும் என்று காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மெமரியில் வேண்டுமென்றே பிழையைப் புகுத்தி, அது விழும்போது எதையெல்லாம் கெடுக்கிறது என்று பார்க்கிறார்கள்.

மிச்சிகனில் நடந்த சோதனை

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சென் என்பவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 1996-இல் வெளிவந்தது. ஒவ்வொரு பதிவையும் உடனே டிஸ்கில் எழுதினால் வேலை மந்தமாகும். மெமரியிலேயே வைத்திருந்தால் வேகம் கிடைக்கும். ஆனால் சிஸ்டம் விழுந்தால் மெமரியில் உள்ளது போய்விடும் என்பதே பொதுவான எண்ணம். மெமரியில் உள்ள கோப்புகளைச் சிஸ்டம் விழுந்த பின்னும் மீட்டெடுக்கும் ‘ரியோ’ என்ற முறையை இவர்கள் அமைத்தார்கள். அதைச் சோதிக்கத்தான் பிழை புகுத்தும் வழியைக் கையாண்டார்கள்.

டிஜிட்டல் யூனிக்ஸ் ஓடும் ஆல்ஃபா கணிப்பொறிகளில் 13 வகைப் பிழைகளைப் புகுத்தினார்கள். மெமரியில் 0 இருக்கும் இடத்தில் 1 என மாற்றுவது, ஒரு கட்டளையை நீக்கிவிடுவது, நகல் எடுக்கும்போது எல்லை தாண்டி எழுதவைப்பது, எண்ணிக்கையில் ஒன்று கூட்டிவிடுவது போன்றவை அவை. ஒரு முறைக்கு 20 பிழைகள். பத்து நிமிடத்தில் சிஸ்டம் விழாவிட்டால் அந்த முறை கணக்கில் சேராது. விழுந்தால், கோப்புகளில் இருக்கவேண்டியதும் இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

மூன்று ஏற்பாடுகள், ஒவ்வொன்றிலும் 650 வீழ்ச்சிகள், ஆக மொத்தம் 1,950. முடிவு இதோ:

உடனுக்குடன் டிஸ்கில் எழுதியதில் 7 முறை கோப்பு கெட்டது.
பாதுகாப்பின்றி மெமரியில் வைத்ததில் 10 முறை கெட்டது.
மெமரியில் வைத்து, உரிய வழியாக அன்றி வேறெதுவும் எழுத முடியாதபடி பூட்டியதில் 4 முறைதான் கெட்டது.

நமக்கு என்ன தெரிகிறது?

முதலாவது, டிஸ்கில் எழுதிவிட்டோம் என்பதே முழுப் பாதுகாப்பு ஆகாது. புத்தி தடுமாறிய சிஸ்டம் டிஸ்கிலும் தவறாக எழுதும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். சேதம் இவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம், சிஸ்டத்துக்குள்ளேயே இருந்த ஏராளமான சரிபார்ப்புகள். ஏதோ இடிக்கிறது என்று கண்டதும் அது நின்றுவிட்டது. கணக்கு உதைத்தால் பேனாவைக் கீழே வைத்து முதலாளியைக் கூப்பிடும் கணக்கப்பிள்ளையால் நஷ்டம் இல்லை. தொகையைத் தானே நிரவி மேலே எழுதிக்கொண்டு போகிறவரால்தான் நஷ்டம். கணிப்பொறி நிற்பது தொல்லைதான். தவறான கணக்கோடு ஓடிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

இந்த முறை ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. 2007-இல் வந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பிலேயே, மெமரி கேட்கும்போது வேண்டுமென்றே ‘இல்லை’ என்று சொல்லவைத்துச் சோதிக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

கடையில் செய்யக்கூடியவை

1. மென்பொருள் வாங்குமுன், விற்பவருடைய கணிப்பொறியிலேயே பாதி பில்லில் மின்சாரத்தை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். மறுபடி திறக்கும்போது முந்தைய பில்கள் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். கடையில் ஓடும் கணிப்பொறியில் இந்தச் சோதனை வேண்டாம்.

2. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, ஒரு நாள் விற்பனைத் தொகையையும் பத்துப் பேரின் பாக்கியையும் தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

3. பிழைச் செய்தி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தவேண்டாம். செய்தியை எழுதி வைத்துக்கொண்டு பழுது பார்ப்பவரை அழையுங்கள். கல்லாவில் இருக்கும் பையனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

4. பெரிய மொத்த வியாபாரிகள், சிறு பிழையைத் தானே கண்டு திருத்தும் இ.சி.சி. மெமரி உள்ள கணிப்பொறியைக் கேட்டு வாங்கலாம்.

மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நெருக்கத்தில் இதற்கெல்லாம் நேரம் இராது. வியாபாரம் சற்று ஓய்ந்திருக்கும் ஒரு நாளில் இரண்டாவது சோதனையையாவது செய்துவிடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.